மோடத்தைப் புதுப்பிக்க வேண்டியது யார்?

பள்ளிக்கு இணைய இணைப்பு வந்த பிறகு, மூலையில் மாட்டியிருக்கும் அந்தச் சிறிய பெட்டியோடு நம்மில் பலருக்கும் இருக்கும் உறவு ஒன்றே ஒன்றுதான். இணையம் வரவில்லையென்றால் சுவிட்சை அணைத்து, பத்து வரை எண்ணி, மறுபடியும் போடுவோம். பச்சை விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது. சிவப்பு எரிந்தால் இணைப்புக் கொடுத்தவருக்குப் போன் செய்வோம்.

அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலும் பிழைகள் இருக்கும், பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும், அவற்றை அடைத்துப் புதிய பதிப்புகள் வரும். கணினி ஆய்வகப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர் ஒருநாள் ஏதோ காரணத்துக்காக மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கிறார். "புதிய பதிப்பு உள்ளது, இப்போது நிறுவலாமா?" என்று ஒரு வரி கேட்கிறது. அதை அழுத்தலாமா? அழுத்தி ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? அழுத்தாமல் விட்டு, அதனால் ஏதாவது ஆனால் அதற்கு யார் பொறுப்பு?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டி யாருடையதோ, புதுப்பித்தல் தவறிப்போனால் அதை மீட்டெடுக்கும் வழி யாரிடம் இருக்கிறதோ, அவர்தான் புதுப்பிக்க வேண்டும். இணைப்பு நிறுவனம் மாட்டிய பெட்டி என்றால் நிறுவனம். நாம் கடையில் வாங்கிய பெட்டி என்றால் நாம்தான்; நமக்காக வேறு யாரும் வரமாட்டார்கள். சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் பல பள்ளிகளில் எந்தப் பெட்டி யாருடையது என்பதே யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நிலைபொருள் என்பது என்ன?

கணினியில் நாம் பயன்படுத்தும் செயலிகளை மென்பொருள் என்கிறோம். மோடம், ரவுட்டர் போன்ற கருவிகளின் நினைவகச் சில்லுக்குள் எழுதி வைக்கப்பட்டு, அந்தக் கருவியை இயக்குவதற்கென்றே இருக்கும் மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். தமிழில் நிலைபொருள் என்கிறோம். மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் அது இருக்கும். சுவிட்சைப் போட்டவுடன் ஒரு சின்னத் தொடக்க நிரல் விழித்து, நிலைபொருளை எடுத்து ஓடவிடும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் விளக்குகள் மாறி மாறிச் சிமிட்டுவது இந்த வேலை நடப்பதால்தான். இன்றைய பெரும்பாலான ரவுட்டர்களுக்குள் ஓடுவது லினக்ஸ் இயங்குதளத்தின் சுருக்கப்பட்ட ஒரு வடிவம் என்று சொன்னால் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். விசைப்பலகையும் திரையும் இல்லாத ஒரு கணினி அது.

புதுப்பிக்கும்போது என்ன நடக்கிறது? பழைய நிலைபொருள் இருந்த இடம் அழிக்கப்பட்டு, புதியது எழுதப்படுகிறது. இதற்கு இரண்டு நிமிடமும் ஆகலாம், ஐந்து நிமிடமும் ஆகலாம். எளிய கருவிகளில் இந்த இடைவெளியில் பழையதும் இல்லை, புதியதும் முழுதாக இல்லை. அந்த நேரத்தில் மின்சாரம் போனால் மறுபடி சுவிட்சைப் போடும்போது ஓடுவதற்கு எதுவும் இருக்காது. இப்படி ஆன கருவியை 'செங்கல் ஆகிவிட்டது' என்று இத்துறையினர் சொல்வார்கள். அதற்குப் பிறகு காகிதம் பறக்காமல் வைக்கத்தான் அது பயன்படும்.

சற்று விலை கூடிய கருவிகளில் நிலைபொருளுக்கு இரண்டு இடங்கள் ஒதுக்கியிருப்பார்கள். ஒன்றில் பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றில் புதியது எழுதப்படும். எழுதி முடித்து, சரிபார்த்த பிறகே மாறும். நடுவில் ஏதாவது தவறினால் பழையதற்கே திரும்பிவிடும். வாங்கும் பெட்டி எந்த வகை என்று கடைக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்காது. ஆகவே ஓர் இடம் மட்டுமே இருக்கும் வகை என்று எண்ணி நடந்துகொள்வதே பாதுகாப்பு.

மின்தடை ஒன்றே ஆபத்து என்று நினைக்க வேண்டாம். ஒரே மாடல் பெயரில், உள்ளே வேறு வேறு சில்லுகளுடன் பல வன்பொருள் பதிப்புகள் வருவதுண்டு. அடியில் ஒட்டியிருக்கும் தாளில் மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் வி1, வி2, வி3 என்று சிறிய எழுத்தில் இருப்பது அதுதான். வி1-க்கு உரிய கோப்பை வி3-இல் ஏற்றினால் பல கருவிகள் ஏற்க மறுக்கும். சில ஏற்றுக்கொண்டு செங்கல் ஆகும். இன்னொன்று, புதுப்பித்த பிறகு சில கருவிகள் எல்லா அமைப்புகளையும் மறந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். அப்போது இணைப்பின் பயனர் பெயர், கடவுச்சொல், அந்த நிறுவனத்துக்கே உரிய எண்கள் எல்லாம் மறுபடியும் கேட்கும். தொலைபேசிக் கம்பி வழியாக பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்த காலத்தில் 0, 35 என்ற இரண்டு எண்களை மோடத்தில் இட வேண்டியிருந்ததை நினைவு வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். அந்த இரண்டு எண்கள் தெரியாததால் நாள்கணக்கில் இணையம் இல்லாமல் இருந்த வீடுகள் உண்டு.

பெட்டிகள் எல்லாம் ஒன்றல்ல

புதுப்பிக்கலாமா என்ற கேள்வி சில பெட்டிகளுக்கு எழவே எழாது. கேபிள் டிவி கம்பி வழியாக இணையம் தரும் மோடங்கள் டாக்சிஸ் என்ற நெறிமுறைப்படி இயங்குபவை. அந்த நெறிமுறையின்படி நிலைபொருளை மாற்றும் அதிகாரம் கேபிள் நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. மோடத்தைப் பயனரே விலைக்கு வாங்கியிருந்தாலும் அப்படித்தான். நிறுவனத்தின் வலையமைப்பில் சேரும்போது அது தரும் அமைப்புக் கோப்பை மோடம் பெற்றுக்கொள்கிறது. எந்த நிலைபொருள் ஓட வேண்டும் என்பதையும் நிறுவனமே முடிவு செய்கிறது.

இப்போது நம் பள்ளிகளுக்கு அதிகம் வருவது ஃபைபர் இணைப்பு. ஒளியிழை வந்து சேரும் பெட்டியை நிறுவனம் தன் நிலையத்திலிருந்தே கண்காணிக்கவும், நிலைபொருளை அனுப்பி மாற்றவும் முடியும். அந்தப் பெட்டிக்கு உரிய கோப்பு பொதுவாக நமக்குக் கிடைக்கவும் கிடைக்காது. எங்கிருந்தோ இறக்கி ஏற்றினால், இணைப்பு நின்றுபோவதோடு நிறுவனத்துடன் வழக்கும் வரும்.

மூன்றாவது, நாமே வாங்கி அதன் பின்னால் இணைக்கும் வைஃபை ரவுட்டர். ஸ்மார்ட் வகுப்பறைக்குச் சிக்னல் எட்டவில்லை என்று பள்ளி மேலாண்மைக் குழுவோ முன்னாள் மாணவர்களோ வாங்கிக் கொடுத்தது. இது முழுக்க நம்முடையது. இதன் நிலைபொருள் பழசாகிப் போவதை இணைப்பு நிறுவனம் கண்டுகொள்ளாது, கண்டுகொள்ள வேண்டிய கடமையும் அதற்கு இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் இதை விளக்கும்போது ஈ.பி. மீட்டரைத்தான் எடுத்துக்காட்டுவேன். மீட்டர் நம் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. ஆனால் அதில் மின்வாரியத்தின் முத்திரை இருக்கிறது, அதை நாம் திறக்கக்கூடாது. பழுதானால் எழுதிக் கொடுத்து மாற்றச் சொல்ல வேண்டும். மீட்டருக்குப் பின்னால் ஓடும் ஒயரிங் நம்முடையது, அதில் ஷாக் அடித்தால் மின்வாரியம் வந்து பார்க்காது. ஒரு மாணவி இதைவிட நல்ல எடுத்துக்காட்டு ஒன்றைச் சொன்னாள். "சார், சிலிண்டரும் ரெகுலேட்டரும் கம்பெனியோடது. அடுப்பு நம்மளோடது. நடுவுல இருக்கற டியூபை நாமதான் மாத்தணும், ஆனா யாரும் மாத்தறதில்ல." அந்த ஆரஞ்சு நிற டியூபுக்கு ஐந்து ஆண்டு என்று கணக்கு இருக்கிறது, எத்தனை வீட்டில் அதைப் பார்க்கிறோம்? பள்ளியில் நாமே வாங்கி மாட்டிய ரவுட்டர் அந்த டியூப்தான்.

நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்றால்?

நிறுவனம் தொலைவிலிருந்து பெட்டிகளை நிர்வகிக்க டி.ஆர்.069 என்ற நெறிமுறை 2004-இல் வந்தது. இலட்சக்கணக்கான வீடுகளுக்கு ஆள் அனுப்பாமலே அமைப்புகளை மாற்றலாம், நிலைபொருளை அனுப்பலாம். பயனருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. இதற்காக மோடத்தில் ஒரு வாசல் திறந்திருக்கும். வலையமைப்பு மொழியில் அதைப் போர்ட் என்பார்கள், இதன் எண் 7547. நிறுவனத்தின் சேவையகத்தைத் தவிர வேறு யார் தட்டினாலும் அந்த வாசல் திறக்காதபடி காவல் இருக்க வேண்டும். காவல் சரியாக இல்லாதபோது என்ன நடந்தது என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் இருக்கின்றன.

முதலாவது ஜெர்மனியில். 2016 நவம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை. டாய்ச்ச டெலிகாம் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் ஏறத்தாழ 9 இலட்சம் பேருக்கு இணையம், தொலைபேசி, தொலைக்காட்சி எல்லாம் ஒருசேர நின்றன. மிராய் என்ற தீநிரலின் ஒரு வகை, இணையம் முழுவதும் 7547-ஆம் வாசலைத் தேடித் தட்டிக்கொண்டிருந்தது. அந்த நிரல் இந்த ஜெர்மன் மோடங்களுக்குள் நுழையவே இல்லை என்பது பின்னர் தெரிந்தது. தட்டிய தட்டலிலேயே அவை திணறி நின்றுபோயின. நிறுவனம் உடனே பிழை நீக்கிய நிலைபொருளைத் தயாரித்தது. "மோடத்தின் மின்சாரத்தைத் துண்டித்து, சிறிது நேரம் கழித்து மறுபடி இணையுங்கள்" என்று மட்டும் மக்களிடம் சொன்னது. மறுபடி உயிர்பெற்ற மோடங்கள் புதிய நிலைபொருளைத் தாமே பெற்றுக்கொண்டன. ஓரிரு நாளில் பெரும்பாலும் சரியானது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு பொருத்தம் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் ஜெர்மனியில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. இணைப்பு நிறுவனம் தரும் பெட்டியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் நீங்கியது, விரும்பிய மோடத்தை வாடிக்கையாளரே வாங்கி இணைக்கலாம் என்றானது. அந்த உரிமைக்காக அங்கே நெடுநாள் குரல் கொடுத்திருந்தார்கள். உரிமை வந்த நான்காவது மாதம் இந்தத் தாக்குதல். வீழ்ந்தவை நிறுவனம் கொடுத்த பெட்டிகள். அவற்றை இரண்டு நாளில் மீட்டதும் அந்த நிறுவனம்தான். இந்த ஒரே நிகழ்வை இரு தரப்பும் தமக்குச் சாதகமாகக் காட்டலாம். வகுப்பு விவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைப்பது அரிது.

இரண்டாவது நம் நாட்டில். 2017 ஜூலை கடைசியில் பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். இணைப்புகளில் இருந்த மோடங்கள் திடீரென்று செயலிழந்தன. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மோடங்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. பிரிக்கர்பாட் என்ற தீநிரல் உள்ளே புகுந்து நினைவகத்தில் இருந்ததை அழித்துவிட்டது. பெயரிலேயே செங்கல் இருக்கிறது. அதற்கு உதவிய காரணங்களில் ஒன்று, தொழிற்சாலையிலிருந்து வந்த 'அட்மின்' என்ற பயனர் பெயரும் அதே 'அட்மின்' என்ற கடவுச்சொல்லும் மாற்றப்படாமலே இருந்தது. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு அறிவுரை சொல்லப்பட்டது. அந்த அறிவுரை மோடம் பொருத்திய அன்றைக்கே சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. பொருத்துபவர் வேகமாக மாட்டிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். கடவுச்சொல் என்று ஒன்று இருப்பதே வீட்டாருக்குத் தெரியாது. மோடம் வாடிக்கையாளரின் பொறுப்பா, நிறுவனத்தின் பொறுப்பா என்று தெளிவாகாத இடத்தில் கடைசியில் அது யாருடைய பொறுப்பும் இல்லாமல் போகிறது.

அணைத்துப் போடும் நம் பழக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்று காட்டியது 2018. வி.பி.என்.ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 இலட்சம் ரவுட்டர்களிலும் அவை போன்ற கருவிகளிலும் புகுந்திருப்பது அந்த மே மாதம் வெளியானது. ரவுட்டர்களை அணைத்துப் போடும்படி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. அப்படிச் செய்தால் தீநிரலின் ஒரு பகுதி போகும், ஆனால் முதல் அடுக்கு மின்சாரம் போனாலும் அழியாமல் உள்ளேயே இருக்கும். அதை நீக்க, கருவியைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய்ப் புதிய நிலைபொருள் ஏற்ற வேண்டியிருந்தது.

நிறுவனத்திடம் விட்டுவிட்டால் கவலையில்லை என்பவர்களுக்கு 2023-இல் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அக்டோபர் 25 முதல் 27 வரை 72 மணி நேரத்தில் ஒரே ஓர் இணைப்பு நிறுவனத்தின் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் செங்கல் ஆயின. கெட்ட நோக்கத்தோடு யாரோ அனுப்பிய நிலைபொருள்தான் காரணம் என்று ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டு மே மாதம் அறிக்கை வெளியிட்டனர். அவற்றை மீட்க வழியில்லை, பெட்டிகளையே மாற்ற வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்ட பகுதிகளில் கணிசமானவை கிராமப்புறங்கள், வேறு இணைப்புக்கு வழியில்லாத இடங்கள். நம்மைப் போன்ற பள்ளிகள் இருக்கும் இடங்கள் என்று சொல்லலாம்.

ஆக, நிறுவனம் புதுப்பித்தால் ஒரே வாசல் வழியாக இலட்சம் பெட்டிகள் சரியாகவும் ஆகலாம், இலட்சம் பெட்டிகள் வீழவும் செய்யலாம். பயனர் புதுப்பித்தால் தவறு ஒரு பெட்டியோடு நிற்கும். ஆனால் பெரும்பாலோர் புதுப்பிக்கவே மாட்டார்கள்.

"ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்த வேண்டும்?"

மூத்த ஆசிரியர்கள் இதைக் கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. புதிய பதிப்பு வந்த பிறகு வைஃபை அடிக்கடி அறுந்துபோனதும், வேகம் குறைந்ததும் பலருக்கு நடந்திருக்கிறது. திருத்தம் என்ற பெயரில் புதுப் பிழையும் சேர்ந்து வருவதுண்டு. மின்விசிறி நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தால் அதை நாம் கழற்றிப் பார்ப்பதில்லை.

ஆனால் மின்விசிறியை யாரும் வெளியூரிலிருந்து தட்டிப் பார்ப்பதில்லை. மோடம் இருபத்து நான்கு மணி நேரமும் தெருவைப் பார்த்து நிற்கும் கதவு. ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தம் வெளிவந்துவிட்டால், அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்பது திருட வருகிறவனுக்கும் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு புதுப்பிக்காத பெட்டிகள்தான் அவன் தேடும் பெட்டிகள். பள்ளி ரவுட்டர் வழியாகப் போவது வெறும் காணொலிகள் அல்ல. மாணவர்களின் பெயர், முகவரி, பெற்றோரின் கைபேசி எண், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் எமிஸ் பதிவேற்றத்தின்போது அந்தக் கம்பி வழியாகத்தான் போகின்றன. பெரும்பாலான தளங்களில் அவை குறியாக்கம் செய்யப்பட்டுத்தான் போகின்றன என்பது உண்மை. ஆனாலும் ரவுட்டரைக் கைப்பற்றியவன் நாம் திறக்க நினைக்கும் தளத்துக்குப் பதிலாக அதைப் போன்ற பொய்த் தளத்துக்கு நம்மைத் திருப்பிவிட முடியும்.

நான் கடைப்பிடிக்கும் நடுவழி இது. புதிய பதிப்போடு வரும் குறிப்பைப் படிக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் என்று எழுதியிருந்தால் அந்த வாரத்திலேயே நிறுவிவிட வேண்டும். புது வசதிகள் மட்டும் என்றால் இரண்டு மூன்று வாரம் பொறுக்கலாம். தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதி பெட்டியில் இருந்தால், வார நாளில் பாடவேளையில் வேண்டாம், இரவு மூன்று மணி போல நேரம் குறித்து அதை இயக்கி வைப்பது நம் போன்றவர்களுக்கு நல்லது. பள்ளியில் இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவோம் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. அப்படியானால் அந்த வசதி பயன்படாது, கையால்தான் செய்ய வேண்டும்.

செய்யும்போது

நம் சொந்த ரவுட்டருக்குத்தான் இதைச் சொல்கிறேன். முதலில் நாள் பார்க்க வேண்டும், பஞ்சாங்கத்தில் அல்ல. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாள் கூடாது. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் இணையவழி மதிப்பீடு நடக்கும் வாரமும் கூடாது. பெட்டியின் அடியில் இருக்கும் மாடல் எண்ணையும் வன்பொருள் பதிப்பையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இப்போதுள்ள அமைப்புகளைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி பெரும்பாலான ரவுட்டர்களில் உண்டு. அதோடு, இணைப்பின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தாளில் எழுதி வைத்திருப்பது நல்லது. நிலைபொருள் கோப்பைத் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். "உங்கள் மோடம் பழையது, இந்தக் கோப்பை நிறுவுங்கள்" என்று வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ வந்தால் அது மோசடி என்றே கொள்ளலாம்.

வைஃபை வழியாக ஏற்ற வேண்டாம். கணினியை ரவுட்டரோடு கம்பியால் இணைத்து, ரவுட்டரையும் கணினியையும் யு.பி.எஸ்.-இல் செருகிவிட்டுத் தொடங்கலாம். தொடங்கிய பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். திரை உறைந்தது போலத் தெரிந்தாலும் பத்து நிமிடம் வரை எதையும் தொடக்கூடாது. பொறுமையிழந்து சுவிட்சை அணைப்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் விபத்து. முடிந்தபின் உள்ளே போய், பதிப்பு எண் மாறியிருக்கிறதா, நாம் வைத்த கடவுச்சொல் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய 'அட்மின்' திரும்பி வந்திருந்தால் உடனே மாற்றிவிட வேண்டும்.

நிறுவனத்தின் பெட்டியாக இருந்தால் நம் வேலை வேறு. நிலைபொருளின் பதிப்பைக் குறித்துக்கொண்டு, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று அவர்களிடம் எழுத்தில் கேட்க வேண்டும். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும். அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல்லை மாற்றித் தரும்படியும் கேட்கலாம். தொலைபேசியில் ஒருவர் அவசரப்படுத்தி, "அந்த மெனுவுக்குப் போங்க, அதை அழுத்துங்க" என்று நிலைபொருளை ஏற்றச் சொன்னால், ஆளை அனுப்பிச் செய்யுங்கள் என்று சொல்லிவிடலாம்.

பழைய பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தயாரிப்பாளர் புதுப்பித்தல் தருவதை நிறுத்திவிட்ட ரவுட்டருக்கு நாம் எவ்வளவு அக்கறையாக இருந்தும் பயனில்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, எல்லாக் கருவிக்கும் பொதுவான எளிய கடவுச்சொல்லோடு இணையக் கருவிகளை விற்கக் கூடாது. எத்தனை காலத்துக்குப் பாதுகாப்புப் புதுப்பித்தல் கிடைக்கும் என்பதையும் தெரிவிக்க வேண்டும். நாமும் ரவுட்டர் வாங்கும்போது எத்தனை ஆன்டெனா என்று எண்ணுவதற்கு முன்னால் எத்தனை ஆண்டு என்று கேட்கலாம்.

கைவிடப்பட்ட ரவுட்டர்களுக்கு ஆர்வலர்களே நிலைபொருள் எழுதித் தருவதும் உண்டு. லின்க்ஸிஸ் நிறுவனம் தன் ரவுட்டர் ஒன்றில் லினக்ஸைப் பயன்படுத்தியிருந்ததால், கட்டற்ற மென்பொருள் உரிமத்தின்படி 2003-இல் அதன் மூல நிரலை வெளியிட வேண்டி வந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 2004-இல் தொடங்கிய ஓப்பன்டபிள்யூஆர்டி. மேல்நிலை மாணவர்களில் ஆர்வமுள்ளவருக்கு, வீட்டில் கிடக்கும் ஒரு பழைய பெட்டியை வைத்துக் கற்றுக்கொள்ள அருமையான வழி. பள்ளி ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டரில் மட்டும் வேண்டாம்.

வகுப்பறையில்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் வலையமைப்பு அலகுகள் இருக்கின்றன, அங்கே இது இயல்பாகப் பொருந்தும். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் நூலின் கணினி அலகோடு சேர்த்து ஒரு பாடவேளையில் நடத்தலாம். கணினி எதுவும் தேவையில்லை. நான் நடத்தும் விதத்தைச் சொல்கிறேன்.

ஐந்து வரிசைகளாக மாணவர்களை உட்காரவைத்து, ஒருவரை நடுவில் நிறுத்துகிறேன். அவர்தான் ரவுட்டர். அவர் கையில் ஓர் அட்டை: நீலக் கோடு போட்ட தாள் மூன்றாம் வரிசைக்கு, சிவப்புக் கோடு ஒன்றாம் வரிசைக்கு என்று விதிகள். வரிசைகள் ஒன்றுக்கொன்று தாள் அனுப்பத் தொடங்குகின்றன. இரண்டு நிமிடத்தில் நன்றாக ஓடும். அப்போது, "அட்டையில் பிழை இருக்கிறது" என்று சொல்லிப் பழைய அட்டையை வாங்கிக்கொண்டு, புதியதைக் கொடுக்காமல் வாசல்வரை நடந்து போகிறேன். தாள்கள் ரவுட்டர் கையில் குவிகின்றன. அவர் விழிக்கிறார், வகுப்பு சிரிக்கிறது. இப்போது நான் திரும்பி வராமலே போனால்? செங்கல் என்ற சொல்லை இங்கே அறிமுகப்படுத்தினால் ஆண்டு முழுக்க மறக்கமாட்டார்கள்.

இரண்டாம் முறை, பழைய அட்டையை வாங்காமலே புதியதைக் கொடுத்து, படித்துப் பார்த்துப் புரிந்த பிறகு பழையதைத் தரச் சொல்கிறேன். மூன்றாம் முறை, ஒரு மாணவனிடம் இரகசியமாகப் பொய் அட்டை ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறேன். எல்லாத் தாளையும் அவனுக்கே கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கும். ரவுட்டர் அப்படியே செய்வார். ஏன் நம்பினாய் என்று கேட்டால், "நீங்க குடுத்து விட்டதா சொன்னான் சார்." அடுத்த அட்டையிலிருந்து என் கையெழுத்து இருந்தால்தான் ஏற்க வேண்டும் என்று விதி போடுகிறோம். மின் கையொப்பம் எதற்கு என்பது அதோடு விளங்கிவிடுகிறது.

மீதி நேரத்துக்குப் பட்டிமன்றம். மோடத்தைப் புதுப்பிக்க வேண்டியது வீட்டாரா, நிறுவனமா? ஜெர்மனிக் கதையை இரு அணிக்கும் கொடுத்துவிட்டு, நடுவராக ஒரு மாணவரையே போடலாம். சென்ற முறை நிறுவன அணியில் பேசிய ஒரு பையன், "எங்க பாட்டி வீட்டுல அவங்க மட்டும்தான் இருக்காங்க. அவங்க எப்படி அப்டேட் பண்ணுவாங்க?" என்று கேட்டான். எதிரணிக்குச் சிறிது நேரம் பதில் வரவில்லை. பிறகு ஒருத்தி எழுந்து, "நீ போறப்ப பண்ணிக் குடு" என்றாள். நடுவர் இரண்டு பேருக்கும் மதிப்பெண் போட்டார்.

வீட்டுப் பணியாக, பெற்றோர் முன்னிலையில் வீட்டு மோடத்தின் அடியில் உள்ள தாளைப் பார்த்து, தயாரிப்பாளர், மாடல், வன்பொருள் பதிப்பு, பெட்டி யாருடையது என்ற நான்கை எழுதி வரச் சொல்லலாம். கடவுச்சொல்லை எழுதி வரக் கூடாது. அடுத்த வீட்டு வைஃபையின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் ஆசை இந்த வயதில் வரும். அனுமதியின்றி அப்படி நுழைவது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 ஆகிய பிரிவுகளின் கீழ் வரும் என்பதை அதே வகுப்பில் சொல்லிவிட வேண்டும்.

பதிவேட்டில் ஒரு பக்கம்

ஆய்வக இருப்புப் பதிவேட்டில் ரவுட்டர் ஒரு வரியாக இருக்கும்: 'வைஃபை ரவுட்டர் - 1'. அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கலாம். யார் கொடுத்தது, எப்போது, மாடலும் வன்பொருள் பதிப்பும், இப்போதைய நிலைபொருள் பதிப்பு, புதுப்பித்த தேதி, செய்தவர் கையொப்பம், புதுப்பித்தல் எந்த ஆண்டுவரை கிடைக்கும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒருமுறை பார்த்து எழுதினால் போதும். பொறுப்பாசிரியர் இவர் என்று தலைமையாசிரியர் பெயர் குறித்துக் கையொப்பமிட வேண்டும். 'கணினி தெரிந்தவர்' என்று பொதுவாக விட்டால் அது யாருமில்லை என்று பொருள்.

மாறுதல் கலந்தாய்வு முடிந்ததும் ஆய்வகச் சாவியை எண்ணி வாங்குகிறோம். ரவுட்டரின் கடவுச்சொல் பெரும்பாலும் மாறுதலில் போகும் ஆசிரியரோடு அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடுகிறது. அதை ஓர் உறையில் இட்டு ஒட்டி, மேலே தேதி எழுதி, தலைமையாசிரியர் அறை பீரோவில் வைத்துவிடலாம். புதியவர் வந்து பொறுப்பேற்ற அன்று உறையைப் பிரித்து, கடவுச்சொல்லை மாற்றி, புது உறை வைக்க வேண்டும். பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் அதற்கும் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளலாம்.